சூடானால் ஸ்டார்ட் ஆகாத வண்டி: காரணத்தை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, டீ குடிக்க நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து உதைத்தால் வராது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். போன சித்திரையில் திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், மணப்பாறையில் என் வண்டி இப்படித்தான் நின்றது. உச்சி வெயில், கூட அம்மா. அன்றைக்கு எடுத்த முடிவுதான், இதன் காரணத்தை நானே கண்டுபிடித்தாக வேண்டும் என்பது.

வண்டி 150 சிசி பைக், காற்றில் குளிரும் எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்ப்ரேட்டர் வைத்தது. 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மூன்று முறை பட்டறைக்குக் கொண்டு போனேன். ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று என் முறை வருவதற்குள் வண்டி ஆறிவிடும், உதைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். அதனால் ஊகத்தில் பிளக், இக்னிஷன் காயில், சிடிஐ என்று பொறி உண்டாக்கும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். குறை அப்படியே இருந்தது. இந்தக் குறையைச் சூட்டோடு சூடாகத்தான் பிடிக்க வேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே, நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பிளக் ஸ்பேனர், நல்ல பிளக் ஒன்று, இன்சுலேஷன் பிடி போட்ட கட்டிங் பிளையர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய துணி, சின்ன பாட்டில். பிளக் ஸ்பேனர் சூடான எஞ்சினில் வழுக்கினால் கை வெந்துவிடும், அதை மட்டும் மலிவாக வாங்காதீர்கள்.

1. பெட்ரோல் டேங்க் மூடி

செலவில்லாத சோதனை இதுதான், அதனால் முதலில் இது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். காற்று 'உஸ்' என்று உள்ளே இழுத்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று நுழைய வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகி, கார்ப்ரேட்டருக்குப் பெட்ரோல் இறங்காமல் நிற்கும். மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்து உதையுங்கள். உடனே வந்தால், மூடியைச் சுத்தம் செய்தாலே போதும்.

2. பொறி வருகிறதா?

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி பிளையரால் பிடித்துக்கொண்டு உதைத்துப் பாருங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் மட்டும் பிடிக்கவே பிடிக்காதீர்கள். துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீய்ச்சி வெளியே வரும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடியுங்கள்.

பளிச்சென்று நீலப் பொறி வந்தால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் நல்லது. வராவிட்டாலும், மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலும், கையில் உள்ள நல்ல பிளக்கை மாட்டி மறுபடி பாருங்கள். அதற்கும் வராவிட்டால் பிக்கப் காயில் (எஞ்சின் சுழல்வதை உணர்ந்து பொறிக்குச் சைகை தருவது), இக்னிஷன் காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது), சிடிஐ (பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) இவற்றில் ஒன்று சூட்டில் வேலை செய்யாமல் போகிறது. அதை எப்படிப் பிரித்தறிவது என்று கடைசியில் சொல்கிறேன்.

3. கழற்றிய பிளக் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா?

நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் போடாமல், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு முறை உதையுங்கள், பெரும்பாலும் கிளம்பிவிடும். அடுத்த முறை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போங்கள். டேப் மூடிய நாளில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, திறந்து விட்ட நாளில் அடம்பிடித்தால், கார்ப்ரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் ஊசி ஒழுகுகிறது. அப்படியும் வித்தியாசம் இல்லையென்றால் சோக் முழுதாகத் திரும்புகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

காய்ந்திருந்தால் கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வரும் பெட்ரோலைப் பாட்டிலில் பிடியுங்கள். சைலன்ஸர் மேல் ஒரு சொட்டும் விழக் கூடாது. ஒழுங்காக ஓடிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வருகிறது என்று பொருள். கொஞ்சம் வந்து நின்றுபோனால் டியூப் மடங்கியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். எஞ்சினை ஒட்டிப் போகும் டியூபில் பெட்ரோல் ஆவியாகி வழி மறிப்பதும் உண்டு. ஈரத்துணியைக் கார்ப்ரேட்டர் கிண்ணத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆனால் சூட்டில் பெட்ரோல் கொதிக்கிறது. டியூபை எஞ்சினை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

4. கிக்கரின் கனம்

என் வண்டியில் பொறியும் இருந்தது, பெட்ரோலும் இருந்தது. அம்மாதான் கேட்டார்கள், "என்னடா, கிக்கர் இவ்வளவு லேசாப் போகுது?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் அதே கிக்கர் காலைத் தடுக்கும். சூட்டில் தடையே இல்லாமல் இறங்கியது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது, குறைகிறது என்பதற்கு இதைவிட எளிய அடையாளம் இல்லை. குளிர்ந்தபோது ஒரு முறை, சூட்டில் ஒரு முறை, சாவியை அணைத்துவிட்டுக் கையாலேயே கிக்கரை மெல்ல அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

குளிர்ந்தபோது சரியாக இருந்து சூட்டில் மட்டும் கம்ப்ரெஷன் போனால் முதல் சந்தேகம் டேப்பெட் மேல், அதாவது வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கையின் நுனியில் உள்ள ஸ்க்ரூ மேல். வண்டி ஓட ஓட வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும், ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். வால்வுத் தண்டு சூட்டில் நீளும்போது மிச்சமுள்ள இடைவெளியும் போய், வால்வு முழுதாக மூடாது. உதைக்கும் வேகத்தில் காற்று அந்தச் சந்து வழியாக வெளியேறிவிடும். சத்தமே இல்லாத எஞ்சின் நல்ல எஞ்சின் என்று நாம் நம்புகிறோம். டேப்பெட் இறுகிய எஞ்சினும் சத்தம் போடாது.

5. டேப்பெட் இடைவெளி: நான் தடுக்கி விழுந்த இடம்

மற்றதெல்லாம் சூட்டில் பார்க்க வேண்டும் என்றேன். இது ஒன்றை மட்டும் எஞ்சின் முழுக்க ஆறியபின், ராத்திரி நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டு டேப்பெட் மூடிகளையும், மேக்னெட் (கிராங்கோடு சுழலும் காந்தச் சக்கரம்) பக்கம் குறி பார்க்கும் சின்ன மூடியையும் கழற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியரில் வைத்து, பின்சக்கரத்தை முன்னோக்கிக் கையால் சுற்றினால் எஞ்சின் சரியான திசையில் சுழலும். அந்தச் சின்ன மூடி இருந்த ஜன்னலில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறி கோட்டுக்கு நேராக வர வேண்டும்.

முதல் தடவை குறி வந்ததுமே நிறுத்தி அட்ஜஸ்ட் செய்தேன், அதுதான் தவறு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் நாலு ஸ்ட்ரோக்கும் முடிவதற்குள் கிராங்க் இரண்டு முறை சுழலும், ஆகவே 'டி' குறியும் இரண்டு முறை வரும். ஒன்று கம்ப்ரெஷன் முடிவில், இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது. மற்றொன்று எக்ஸாஸ்ட் (புகை வெளியேறுவது) முடிந்து இன்டேக் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது) தொடங்கும்போது. அப்போது இரண்டு வால்வுமே கொஞ்சம் திறந்திருக்கும். நான் நிறுத்தியது இரண்டாவதில். கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழையவில்லை, நுழையும்வரை தளர்த்திவிட்டேன். ஸ்டார்ட் செய்தபோது தையல் மெஷின் மாதிரி 'டக டக' சத்தம், இழுவையும் குறைந்துவிட்டது.

சரியான குறியைக் கண்டுபிடிக்கும் வழி இது. கார்ப்ரேட்டர் பக்கம் இருப்பது இன்டேக் வால்வு, சைலன்ஸர் பக்கம் எக்ஸாஸ்ட். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே இன்டேக் ராக்கரைப் பாருங்கள். அது வால்வைக் கீழே அழுத்தி, திரும்ப மேலே வந்தபின் அடுத்து வரும் 'டி' குறிதான் நமக்கு வேண்டியது. அங்கே நிறுத்தி, இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். டேப்பெட் சரியாக இருந்தால் இரண்டும் லேசாக ஆடும். மிகவும் இறுகியது இங்கேயும் ஆடாமல் இருக்கலாம், அதனால் ராக்கர் ஏறி இறங்கிய வரிசையைத்தான் நம்ப வேண்டும்.

என் வண்டிக்குக் கையேடு சொன்ன அளவு இன்டேக் 0.08, எக்ஸாஸ்ட் 0.10 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு உங்கள் கையேட்டைப் பாருங்கள். தளர்த்திய ஸ்க்ரூவைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டுச் சரியான குறியில் அளந்தபோது, என் எக்ஸாஸ்டில் 0.05 தகடுகூட நுழையவில்லை. குற்றவாளி அங்கேதான் இருந்தது.

லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருகி, தகடு லேசாக உரசிக்கொண்டு வெளியே வரும்படி வையுங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும். அதைப் பிடித்துக்கொண்டே இறுக்கி, இறுக்கிய பின் கட்டாயம் மறுபடி அளந்து பாருங்கள். நான் நான்கு முறை அளந்தேன். ஃபீலர் கேஜ் வாங்கும்போது முனை வளைந்த தகடுகள் உள்ளதாக வாங்குங்கள், நேர்த்தகடு அந்த இடுக்கில் சரியாக நுழையாது.

அளவை வைத்தபின் அதே பாதையில் மூன்று முறை திண்டுக்கல் போய் வந்தாயிற்று, கத்திரி வெயிலிலும் இரண்டாவது உதையைத் தாண்டியதில்லை. சரியான அளவு வைத்த பிறகும் சூட்டில் கிக்கர் லேசாகவே இருந்தால் வால்வு இருக்கையோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கும். அது பட்டறை வேலை.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்த ஒருவரின் வண்டியில் சூட்டில் பொறியே வரவில்லை. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பிக்கப் காயில் வயரின் கனெக்டரைப் பிரித்து, குளிர்ந்தபோது ஒரு முறையும் வண்டி நின்ற உடனே ஒரு முறையும் அளக்கச் சொன்னேன். அளவு வண்டிக்கு வண்டி மாறும், இரண்டையும் ஒப்பிடுவதுதான் முக்கியம். அவருக்குக் குளிரில் நிலையான எண் காட்டியது, சூட்டில் இணைப்பே அறுந்தது போலக் காட்டியது. பிக்கப் காயிலை மாற்றினார், சரியாகிவிட்டது. இக்னிஷன் காயில் வெளியே இருப்பதால் அதைக் கழற்றி, தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கி வீட்டிலேயே அளக்கலாம். இரண்டும் சூட்டில் நல்ல அளவு காட்டினால்தான் சிடிஐயைச் சந்தேகிக்க வேண்டும்.

எஃப்ஐ வண்டி, அதாவது கார்ப்ரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி, வைத்திருப்பவர்களும் கேட்டார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் வாங்கியது பெரும்பாலும் அந்த வகைதான். சூட்டில் சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி 'ங்ங்' என்று ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் பம்ப், ரிலே, வயரிங். கேட்டும் ஸ்டார்ட் ஆகாமல் பிளக் நனைந்திருந்தால் எஞ்சின் வெப்ப சென்சாரைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருப்பதாக அது தவறாகச் சொன்னால் கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கும்.