வெள்ளம் வடிந்த கிணறும் எங்கள் வீட்டுக் கேத்தலும்

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகும் பைப்பில் தண்ணீர் இல்லை. பவுசர் வந்தால் வீட்டுக்கு இரண்டு வாளி. நாலைந்து நாள் கழித்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடி தெரியும் தெளிவு. முடக்கில் இருந்த கக்கூஸ் குழியெல்லாம் பொங்கிக் கலந்த தண்ணீர் அது என்பது மறந்துவிட்டது. ஒரு செம்பு குடித்தேன். மூன்று நாள் வயிற்றோட்டம்.

அதற்குப் பிறகு குடிக்கும் தண்ணீரை இப்படித்தான் சுத்தம் செய்கிறேன்.

முதலில் முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல், பூச்சிமருந்து வாடை லேசாக வந்தாலும் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள். கொதிக்க வைத்துக் கிருமியைக் கொல்லலாம், இவற்றை எடுக்க முடியாது. உப்புத் தண்ணீரும் அப்படித்தான். கொதித்து வற்ற வற்ற உப்பு இன்னும் கூடும்.

கலங்கல் என்றால் மூடி ஓர் இரவு வைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஆட்டாமல் சாய்த்து, தோய்த்த பழைய வேட்டியை நாலாக மடித்து வடியுங்கள். ஊரில் அம்மம்மா தேத்தாங்கொட்டையை, அதாவது தேத்தா மரத்து விதையை, மண்பானையின் உட்புறம் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவா. சேறு அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் இவ்வளவும் சேறுக்குத்தான். கிருமி அப்படியே இருக்கும்.

அப்புறம் கேத்தலில் கொதிக்க வைப்பது. ஆவி வந்தால் கொதித்தது என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். பெரிய குமிழிகள் தளதளவென்று எழும்ப வேண்டும். அதிலிருந்து ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம் விட்டால் காஸ்தான் வீண். கொழும்பிலிருந்து சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் மேலே கொதிக்க வைப்பதானால் மூன்று நிமிடம் விடுங்கள். அது 2,243 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

காஸ் இல்லாவிட்டால்? 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்தது தகரக் கூரை. நிறமில்லாத, கீறல் விழாத பிளாஸ்டிக் சோடாப் போத்தல், இரண்டு லீற்றருக்கு மேல் வேண்டாம். லேபிளை உரித்து, தெளிந்த தண்ணீரை நிரப்பி, கூரையில் படுக்க வையுங்கள். நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம், மேகமூட்டம் என்றால் இரண்டு முழு நாள். மழை நாளில் இந்த வேலை வேண்டாம். தண்ணீர் போதிய தெளிவா என்று பார்க்க, நிரப்பிய போத்தலைப் பத்திரிகைத் தலைப்பின் மேல் நிமிர்த்தி வைத்து வாய்வழியே பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் மறுபடி வடியுங்கள்.

வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீத பிளீச் இருந்தால் லீற்றருக்கு இரண்டு துளி, கலங்கலுக்கு நாலு. கலக்கி அரை மணித்தியாலம் விடுங்கள். லேசாகக் குளோரின் மணக்க வேண்டும். சில ஒட்டுண்ணிகள் இதற்கெல்லாம் சாகாது, அதனால் அடுப்பு இருக்கும்போது நான் பிளீச்சைத் தொடுவதில்லை.

கொதித்தாறின தண்ணீரைப் பழுதாக்குவது பெரும்பாலும் நம் கைதான். பானைக்குள் டம்ளரை முக்குவார்கள், விரலும் சேர்ந்து முங்கும். நான் மூடியும் குழாயும் வைத்த வாளி ஒன்று வாங்கினேன். அதற்குள் யாரும் கை விடக்கூடாது, பேரப்பிள்ளைகள் உட்பட.

கிணற்றை இறைப்பதில் அவசரப்பட்டேன் என்று எங்கள் பகுதிப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஏசினார். சுற்று நிலம் ஊறியிருக்கும்போது முழுதாக இறைத்தால் கிணற்றுச் சுவர் உள்ளே சரியலாமாம். நிலம் காய்ந்த பிறகு இறைத்துக் கழுவினோம். ஊறிய தண்ணீரின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து அவர் சொன்ன அளவுக்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினோம். ஒரு நாள் யாரும் வாளி போடவில்லை. மறுநாள் மணம் போகும்வரை இறைத்துக் கொட்டி, மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வரும்வரை கேத்தல் அடுப்பை விட்டு இறங்கவில்லை.