நாலு சீட்டில் மூன்றை வீணாக்கியவன் சொல்கிறேன்

பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்போதுதான் வாக்காளர் அட்டை வந்திருக்கிறது. "ஊராட்சித் தேர்தல் வரட்டும்ணா, தலைவருக்கு யாருன்னு முடிவே பண்ணிட்டேன்" என்றான். மிச்சம் மூன்று ஓட்டு யாருக்கு என்று கேட்டேன். "என்ன மூணு?" என்று முழித்தான். 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் நானும் அப்படித்தான் முழித்தேன். பணம் வாங்காதே, காலையிலேயே போ என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அட்டையை நம்பி இருந்துவிடுவது

உள்ளாட்சிக்கு வார்டு வாரியாகத் தனி வாக்காளர் பட்டியல் வரும். வந்ததுமே உங்கள் பேர் இருக்கிறதா என்று பாருங்கள்.

தலைவர் சீட்டை மட்டும் யோசிப்பது

கிராமத்தில் ஒரு ஆளுக்கு நாலு வாக்குச்சீட்டு. இளஞ்சிவப்பு தலைவருக்கு, வெள்ளையோ நீலமோ வார்டு உறுப்பினருக்கு, பச்சை ஒன்றிய (யூனியன்) கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. இளஞ்சிவப்புக்காக ஒரு மாதம் டீக்கடையில் தொண்டை வற்றப் பேசினேன். மற்ற மூன்றிலும் பத்து நொடியில் கைக்கு வந்த இடத்தில் குத்திவிட்டு வந்தேன்.

இரண்டு மழைக்காலம் போனது. ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் சாலை குண்டும் குழியுமாகி, ஒருநாள் என் வண்டி சறுக்கி முழங்கை பெயர்ந்தது. கட்டோடு தலைவர் வீட்டுக்குப் போனேன். "அது யூனியன் ரோடு தம்பி, என்கிட்ட வராது" என்றார். யூனியன் ஆபீசுக்குப் போனால், "உங்க கவுன்சிலர் யாரு?" என்று கேட்டார்கள். பேர் தெரியவில்லை. அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேனா என்பதும் நினைவில்லை. ஒன்றியச் சாலை, ஒன்றியப் பள்ளிக் கட்டடம் எல்லாம் அந்தப் பச்சைச் சீட்டில்தான் இருக்கிறது. ஒன்றியக் குழுத் தலைவரையும் நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முழங்கை சரியாகிவிட்டது, எரிச்சல் இன்னும் போகவில்லை.

வார்டு உறுப்பினர் சீட்டையும் அப்படித்தான் அலட்சியமாக நினைத்தேன். வார்டு உறுப்பினர்கள் கூடித்தான் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு அவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் மோட்டார் ரிப்பேருக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. அப்புறம் தலைவரைத் திட்டி என்ன பயன்?

கட்சிச் சின்னத்தைத் தேடுவது

தலைவர் சீட்டிலும் வார்டு சீட்டிலும் அது இருக்காது. பூட்டு சாவி, ஆட்டோ என்றுதான் இருக்கும். ஆளைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

மை காயும் முன் மடிப்பது

முதலில் நெடுக்காக மடியுங்கள். குறுக்காக மடித்தால் மை அடுத்த சின்னத்தில் ஒட்டும்.

பிரசாரத்தில்தான் ஆளை முதலில் பார்ப்பது

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு அங்கேதான் வாசிக்கப்படும். யார் எழுந்து கணக்குக் கேட்கிறார், யார் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுகிறார் என்பதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, தலைவருக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்கத் தனி அலுவலர் வந்த பிறகு நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். 2019-இல் எங்கள் ஊரில் தலைவருக்கு நின்றவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர்தான் வந்து தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தேர்தலில் டெபாசிட் போனவர்.