வன்னியிலிருந்து முகச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

கனடாவிலிருந்து வந்த அக்காவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தால், வயலில் நின்ற தங்கச்சி மூத்தவராகத் தெரிகிறார். பெரும்பாலும் காரணம் வெயில். வெயில் கெடுத்தது தோலை. வயது தொய்ய வைத்தது தோலையும் அதன் கீழுள்ள தசைப்படலத்தையும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் காசு கட்டுகிறவர்கள்தான் பிறகு ஏமாந்து நிற்கிறார்கள்.

பகல் வெளிச்சத்தில் கதிரையில் நேராக இருந்து கண்ணாடி பாருங்கள். பிறகு பாயில் மல்லாந்து படுத்து, அதே கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடியுங்கள். படுத்ததும் தாடையோரத் தொங்கலும் கழுத்து மடிப்பும் பின்னால் போனால் அது தொய்வு. முகத்தை இழுத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை அதற்குத்தான். படுத்தும் மாறாத நுண்சுருக்கமும் கரும்படையும் தோலில் இருப்பவை, கத்தியால் போகாது. நெற்றியைச் சுருக்கும்போது மட்டும் ஆழமாகும் கோடுகளுக்குத் தசையைத் தளர்த்தும் போடொக்ஸ் ஊசி போதும். அது இரண்டு கிழமையில் முழுதாகப் பிடித்து, 3 முதல் 4 மாதம் நிற்கும்.

எங்கள் ஆட்களுக்குச் செலவுக்கேற்ற பலன் தருவது மேலிமைச் சத்திரசிகிச்சைதான். விறைப்பு ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே, ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் இரண்டு கண்ணும் முடிந்துவிடும். வெட்டு இமை மடிப்புக்குள் மறையும். தையல் 5 முதல் 7 நாளில் எடுப்பார்கள், கண்டல் இரண்டு கிழமையளவில் வடியும்.

ஆனால் தொங்குவது தோலா, தசையா என்று முதலில் தெரிய வேண்டும். இமை விளிம்பை இழுக்காமல், மேலே மடிந்து கிடக்கும் தோலை மட்டும் விரலால் மெல்லத் தூக்குங்கள். கருமணி தெளிவாகத் தெரிந்தால் தோல்தான் கூடிவிட்டது. தூக்கிய பிறகும் இமை விளிம்பே கருமணியை மூடி நின்றால், இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கிறது. அங்கே தோலை மட்டும் வெட்டினால் கண் முன்போலவே விழுந்திருக்கும். காலையில் நன்றாக இருந்து பின்னேரத்தில் இமை விழுந்தால் அது தசைக்களைப்பு நோயாகவும் இருக்கலாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரு கண் திடீரென விழுந்து, பொருட்கள் இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். தோல் பார்வையை மறைக்கிறதென்றால் தனியாரிடம் போகுமுன் அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் காட்டுங்கள்.

கூடுதலாக வெட்டச் சொல்லி வைத்தியரை நெருக்க வேண்டாம். புருவத்தின் கீழ் விளிம்புக்கும் இமை மயிருக்கும் இடையில் குறைந்தது 20 மில்லிமீற்றர் தோல் மிஞ்ச வேண்டும். குறைந்தால் நித்திரையில் கண் முழுதாக மூடாது. சூடடிக்கும் தூசிக்குள்ளும் கிரவல் றோட்டுப் புழுதிக்குள்ளும் வேலை செய்கிறவருக்கு மூடாத கண் பெரிய வில்லங்கம்.

முக இழுப்பு பெரிய சத்திரசிகிச்சை. 3 முதல் 5 மணித்தியாலம் எடுக்கும், பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். காதின் முன்னும் பின்னும் வெட்டி, உள்ளே இருக்கும் தசைப்படலத்தை இழுத்துத் தைக்க வேண்டும். தோலை மட்டும் இழுத்தால் சீக்கிரமே தொங்கும், தழும்பும் அகலமாகும். அதிகம் வரும் சிக்கல் தோலுக்கடியில் இரத்தம் தேங்குவது. பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் ஆண்களுக்கும் இது கூடுதலாக வரும். சிகரெட், பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாம் ஒன்றுதான். நிக்கொட்டின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் காதுக்குப் பின்னால் தோல் கறுத்துச் செத்துப்போகும். முன்னே 4 கிழமை, பின்னே 4 கிழமை ஒன்றும் கூடாது. முடியாதென்றால் இந்தச் சத்திரசிகிச்சையைக் கைவிடுவதே நல்லது.

வைத்தியரிடம் மறைக்கக் கூடாதவை சில. உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், குறிப்பாகக் கண்ணருகில் இரும்புத் துண்டு இருந்தால், அது ஆபத்து. காயத் தழும்பையும் காது குத்திய இடத்தையும் காட்டுங்கள். அவை தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் புது வெட்டும் அப்படி ஆகலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல் குடிக்கிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது; இதய வைத்தியரைக் கேட்டுத்தான் நிறுத்தலாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனை செய்துகொண்டு போங்கள்.

வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் அல்லது கண் சத்திரசிகிச்சையில் விசேட நிபுணரா என்று பாருங்கள். சலூனில் ஊசி போட வேண்டாம். முகத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி இரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகும், கண் பார்வையே போகலாம். ஃபில்லரைக் கரைக்கும் மருந்தான ஹையலுரோனிடேஸ் அந்த அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தூரத்தையும் யோசியுங்கள். இமைச் சத்திரசிகிச்சைக்குப் பின் அரிதாகக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்கும், பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள். கண் முன்னே தள்ளி, கல்லுப்போல இறுகி, தாங்க முடியாமல் நொந்து, பார்வை மங்கும். ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்குள் அழுத்தத்தை விடுவிக்காவிட்டால் பார்வை திரும்பாமல் போகலாம். முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்கே 50 கிலோமீற்றருக்கு மேல். அதற்குப் பிறகுதான் ஏ9 வீதி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வந்தாலும் தூரம் குறையாது. ஆகவே யாழ்ப்பாணமோ கொழும்போ, செய்த இடத்துக்கு அருகிலேயே இரண்டு இரவு தங்குங்கள்.

முதல் 48 மணித்தியாலம் விழித்திருக்கும்போது மணிக்கொருதரம் 10 நிமிடம் ஐஸை சுத்தமான துணியில் சுற்றி மூடிய இமை மேல் வையுங்கள். இரண்டு மூன்று தலையணி வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். நோவுக்கு வைத்தியர் சொன்ன அளவில் பனடோல் போதும்; புரூபன் (ஐபுபுரூபன்) வைத்தியரைக் கேளாமல் குடித்தால் இரத்தம் கசியும். இரண்டு கிழமைக்குக் கிணற்றில் வாளி இழுப்பது, குனிந்து சோற்றுப்பானை தூக்குவது, குளத்தில் குளிப்பது எதுவும் வேண்டாம். காயத்தில் மஞ்சளோ தேங்காயெண்ணெயோ பூசாதீர்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கோ பிள்ளையின் கலியாணத்துக்கோ முகம் தெளிய வேண்டுமென்றால், இமைக்கு 6 கிழமையும் முக இழுப்புக்கு 3 மாதமும் முன்னதாகச் செய்யுங்கள். எங்கள் நிறத் தோலில் காயம் பட்ட இடம் வெயில் பட்டால் கறுக்கும். 3 மாதத்துக்கு அகலத் தொப்பியும் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிறீனும் வேண்டும். காயம் ஆறியபின் பூசத் தொடங்கி, வெளியில் நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசுங்கள். ஒரு கிழமையில் வெள்ளையாக்கும் என்று விற்கும் கிறீம்களில் ஸ்டீரொயிட்டோ பாதரசமோ இருக்கக்கூடும். தழும்பின் மேல் அவற்றை ஒருபோதும் பூச வேண்டாம்.