மீனுக்கு ஏது ஸ்கூல்? ஒரு சொல்லைச் சுற்றிய சில தவறுகள்

மீன் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்கூல்’ என்கிறார்கள். குட்டி மீன்கள் பெரிய மீன்களிடம் பாடம் படிப்பதால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதைதான், உண்மை இல்லை.

இவை ஒரே எழுத்தில் எழுதப்படும் இரண்டு தனிச்சொற்கள். படிக்கிற ஸ்கூல், கிரேக்க மொழியின் ‘ஸ்கோலே’யிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. ஸ்கோலே என்றால் ஓய்வுநேரம்! (பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள்.) மீனின் ஸ்கூலோ பழைய டச்சு மொழியில் கூட்டம், கும்பல் என்று பொருள்பட்ட ஒரு சொல், 1400ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. மீன் கூட்டத்துக்கு வழங்கும் இன்னொரு சொல்லான ‘ஷோல்’ இதற்குப் பங்காளி.

பங்காளிதான் என்றாலும், மீனியல் படிப்பவர்கள் இரண்டையும் கலக்க மாட்டார்கள். ஒன்றையொன்று நாடிக் கூடி நிற்கும் எந்தக் கூட்டமும் ஷோல். ஆளுக்கொரு பக்கம் பார்த்து இரை கொத்திக்கொண்டிருந்தாலும் சரி. அதே மீன்கள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி, ஒரே வேகத்தில், இடைவெளி குலையாமல் நீந்த ஆரம்பித்தால் அப்போதுதான் ஸ்கூல். காலையில் ஸ்கூலாகப் போன கூட்டம் இரையைக் கண்டதும் ஷோலாகக் கலைந்துவிடலாம்.

இடிக்காமல் எப்படிப் போகின்றன? கண் மட்டும் காரணம் என்று நினைப்பதும் தவறு. அடுத்த முறை பாறை மீன் வாங்கும்போது விலாவைப் பாருங்கள். செவுளுக்குப் பின்னால் வளைந்து கிளம்பி வால்வரை ஓடும் ஒரு கோடு தெரியும். வால்பக்கம் கையைக் கீறும் முள் செதில்கள் அந்தக் கோட்டின்மேல்தான் இருக்கின்றன. பக்கத்து மீன் அசைந்தால் தண்ணீரில் எழும் அதிர்வை உணரும் உறுப்பு அது. 1976இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணை மறைத்துவிட்ட மீன்கூட ஸ்கூலோடு சேர்ந்தே நீந்தியது.

மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குகிற இடம் வேறு. ‘ஷோல்’ என்றே எழுதப்படும் இன்னொரு சொல்லுக்கு ஆழமில்லாத கடற்பகுதி, மணல்திட்டு என்று பொருள். ‘ஆழமற்ற’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. மீனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தென்சீனக் கடலில் சீனாவும் பிலிப்பைன்ஸும் மல்லுக்கட்டும் ஸ்கார்பரோ ஷோல் இந்த வகை. 18ஆம் நூற்றாண்டில் அங்கே தரைதட்டிய ஆங்கிலக் கப்பலின் பெயர் அது. செய்தியில் அதை மீன் கூட்டமாக்கிவிட்டால் கதை கந்தல்தான்.

அப்புறம், எந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று போட்டித் தேர்வுப் புத்தகங்களில் வரும் அந்த நீளமான பட்டியல். காக்கைக் கூட்டத்துக்கு ‘மர்டர்’ என்றெல்லாம் மனப்பாடம் செய்கிறோம். இவற்றில் பல, 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேட்டையாடிய சீமான்கள் பெருமைக்கும் வேடிக்கைக்கும் சேர்த்தவை. 1486இல் அச்சான, வேட்டை பற்றிய செயின்ட் ஆல்பன்ஸ் நூலின் பட்டியலில் கன்னியாஸ்திரிகளுக்கும் ஒரு கேலிப்பெயர் உண்டு. தேர்வுக்குப் படித்துக்கொள்ளுங்கள். கடிதத்திலோ கட்டுரையிலோ காக்கைகளுக்கு ‘ஃபிளாக்’ (flock) என்று எழுதினாலே போதும்.