பேட்ஜர் பிரஷ் சேக்குறவங்க பண்ற தப்புகள், நான் பண்ணதும் சேத்து

என்கிட்ட 11 பேட்ஜர் ஷேவிங் பிரஷ் (பேட்ஜர்ங்கிற பிராணியோட முடியில செஞ்சது) இருக்கு. ஒருநாள் வேற வேலை இல்லாம வெர்னியர் காலிப்பரை எடுத்து ஒவ்வொண்ணா அளந்து நோட்டுல எழுதினேன், எழுதி முடிச்சுட்டு பாத்தா 8 பிரஷ் கிட்டத்தட்ட ஒரே பிரஷ்! நாட் 24லேருந்து 26 மி.மீ., லாஃப்ட் 50, 51, 52 மி.மீ., எல்லாமே பல்ப் ஷேப் (உச்சி பல்பு மாதிரி உருண்டு இருக்கும்), கைப்பிடி கலர் மட்டும்தான் வேற. வாங்கும்போது ஒவ்வொண்ணும் "இது புதுசா ஒரு அனுபவம்"னு நெனச்சுதான் வாங்கினேன். அதனால முதல் தப்பு இதுதான், அளக்காம வாங்குறது.

புதுசா வர்றவங்களுக்காக சொல்லிடறேன், நாட்னா கைப்பிடிக்குள்ள சொருகி ஒட்டியிருக்கிற முடிக்கட்டு, அதோட விட்டத்தை கைப்பிடி வாய்கிட்ட அளக்கணும், மேல விரிஞ்சு நிக்கிற இடத்துல அளந்தா தப்பான நம்பர்தான் வரும். லாஃப்ட்னா கைப்பிடி வாயிலேருந்து முடியோட நடு உச்சி வரைக்கும் உள்ள உயரம். இந்த ரெண்டு நம்பரும் தெரிஞ்சாலே ஒரு பிரஷ் எப்படி நடந்துக்கும்னு பாதி சொல்லிடலாம். லாஃப்ட்ல 5 மி.மீ. என்ன பெரிய வித்தியாசம்னு தோணும், ஆனா ஒரு முனைய புடிச்சு நிறுத்தின கம்பி எவ்ளோ வளையும்கிறது அதோட நீளத்தோட கனத்துக்கு (அதாவது அதே நீளத்தை மூணு தடவை வெச்சு பெருக்கினதுக்கு) ஏத்த மாதிரி கூடும், 50 மி.மீ. முடியை 55 ஆக்கினா அதே அழுத்தத்துக்கு மூணுல ஒரு பங்கு அதிகமா வளையும். நாட் 24லேருந்து 28 ஆனா முடிக்கட்டோட பரப்பு 36 சதவீதம் கூடுது. அதான் ஒரே கம்பெனி ஒரே கிரேடு முடியில செஞ்ச ரெண்டு பிரஷ்ல ஒண்ணு கன்னத்துல துணி மாதிரி படுத்துக்கும், இன்னொண்ணு கட்டை மாதிரி நிக்கும். நாம என்னடான்னா "முடி குவாலிட்டி போயிடுச்சு"ன்னு கம்பெனிய திட்டிட்டு இருப்போம்.

அடுத்தது கிரேடு பேரு. இதுல ஏமாறாத ஆளே இல்ல. ப்யூர் பேட்ஜர்னு போட்டிருந்தா சுத்தமான முடி, உசத்தின்னு தோணும்ல? பொதுவா அதுதான் அடிமட்ட கிரேடு, கருப்பு அதிகம், முனை சொரசொரன்னு இருக்கும். பெஸ்ட்னா எல்லாத்துக்கும் மேலன்னு நெனப்போம், அது நடுவுல. அதுக்கு மேல சூப்பர், சில்வர்டிப், அப்புறம் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு வெக்கிற பேரு. இதுக்கெல்லாம் உலகம் பூரா ஒத்துக்கிட்ட தர நிர்ணயம்னு ஒண்ணும் கிடையாது, ஒரு கம்பெனியோட சூப்பர் இன்னொரு கம்பெனியோட பெஸ்டை விட மட்டமா இருக்கலாம், யாரும் கேக்க முடியாது. அதனால "என்னோட சில்வர்டிப்பை விட உன்னோட பெஸ்ட் நல்லா இருக்கே"ன்னு ஆச்சரியப்படறதுல அர்த்தமே இல்ல. பேரை வெச்சு ஒப்பிடறதா இருந்தா ஒரே கம்பெனிக்குள்ள ஒப்பிடுங்க, அதுவும் கிட்டத்தட்ட ஒரே வருஷத்து சரக்கா இருந்தா நல்லது, ஏன்னா முடி ஒரு பிராணியோட உடம்புலேருந்து வர்றது, ஒவ்வொரு லாட்டுக்கும் மாறும்.

டூ பேண்ட், த்ரீ பேண்ட் குழப்பமும் இதே கதைதான். அடியில வெளிர், நடுவுல கருப்பு, நுனியில வெள்ளைன்னு மூணு பட்டை தெரிஞ்சா த்ரீ பேண்ட், அடியிலேருந்து கருப்பா வந்து நுனி மட்டும் வெள்ளையா இருந்தா டூ பேண்ட். டூ பேண்ட்னா பெரும்பாலும் நல்லா நிமிர்ந்து நிக்கும்னு ஒரு பேரு இருக்கு, ஆனா அது வெறும் நிறம்தான், கிரேடு இல்ல. எவ்ளோ அடர்த்தியா கட்டியிருக்காங்க, எவ்ளோ ஆழமா ஒட்டியிருக்காங்கன்னு பாக்காம பட்டையை மட்டும் எண்ணி காசு குடுக்காதீங்க.

இப்ப என்னோட பெரிய அசிங்கம். ஒருத்தர்கிட்ட சில்வர்டிப்னு ஒண்ணு வாங்கினேன், போட்டோல நுனி பால் மாதிரி வெள்ளை, உச்சி வட்டம் போட்டு வெட்டின மாதிரி அவ்ளோ நேர்த்தி. அந்த "வெட்டின மாதிரி"லயே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். நல்ல பேட்ஜர் நாட்ல உச்சிய கத்திரியால வெட்டி ஷேப் பண்ண மாட்டாங்க, முடியை கிண்ணம் மாதிரி ஒரு அச்சுல நுனி கீழ இருக்கிற மாதிரி போட்டு தட்டித் தட்டி ஷேப் கொண்டு வந்து அடிப்பக்கத்தை கட்டுவாங்க, வெட்டறதா இருந்தா அடியிலதான் வெட்டுவாங்க. ஏன்னா முடி இயற்கையா நுனிக்கு போகப் போக ஊசி மாதிரி மெலிஞ்சுக்கிட்டே போகும், அந்த மெலிஞ்ச நுனிதான் கன்னத்துல மெத்துன்னு படறது. அதை வெட்டிட்டா மொட்டையான முனை, குத்தும். எனக்கு வந்தது வெட்டினது, போதாக்குறைக்கு நுனிய ப்ளீச் பண்ணது. ஒரு வாரம் கழுத்துல எரிச்சலோட சுத்தினேன், ஆனாலும் "பழகினா சரியாயிடும்"னு மனசை தேத்திக்கிட்டேன். பழகல. நீங்க வாங்கினதும் வெளிச்சத்துல வெச்சு ஒரு லென்ஸ்ல நுனிய பாருங்க, கூரா மெலியுதா இல்ல தட்டையா முடியுதான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

ஒப்பிடறதுல எல்லாரும் பண்ற தப்பு, நேத்து ஒரு பிரஷ் ஒரு சோப்பு, இன்னிக்கு வேற பிரஷ் வேற சோப்பு, அப்புறம் ரெண்டையும் ஞாபகத்துல வெச்சு தீர்ப்பு சொல்றது. நுரை மாறினா அதுக்கு சோப்பு காரணமா, தண்ணி காரணமா, ரெண்டு நாள் வளந்த தாடி காரணமான்னு எப்படி தெரியும்? நான் இப்ப பண்றது, ஒரே சோப்பை சின்ன தராசுல ஒரே எடைக்கு எடுத்து, ரெண்டு பிரஷையும் ரெண்டு நிமிஷம் ஒரே தண்ணியில ஊறப்போட்டு, ஒரே அளவு உதறிட்டு, வலது கன்னத்துக்கு ஒண்ணு இடது கன்னத்துக்கு ஒண்ணு, அடுத்த நாள் கன்னத்தை மாத்திக்கறது. பைத்தியக்காரத்தனமா தெரியும், வீட்ல சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும். இப்படி பண்ணினதுக்கு அப்புறம்தான் நான் ரொம்ப நாளா "இதுதான் பெஸ்ட்"னு சொல்லிட்டு இருந்த பிரஷ் உண்மையில நுரைய வெளிய விடாம உள்ளயே முழுங்கி வெச்சுக்குதுன்னு புரிஞ்சது. ரொம்ப அடர்த்தியான நாட்ல இது சகஜம், அமுக்கி பிழிஞ்சாதான் நுரை வரும்.

புதுசையும் பழசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. புது பிரஷ்ல மிருக வாடை இருக்கும், நாலஞ்சு முடி உதிரும், நாட் இன்னும் விரிஞ்சிருக்காது. பன்றி முடி பிரஷ் மாதிரி பல வாரம் எல்லாம் ஆகாது, ஆனா ஒரு பத்து தடவையாவது உபயோகிச்சுட்டு பேசுங்க. பத்து தடவைக்கு அப்புறமும் கைநிறைய முடி கொட்டினா அது பசை சரியா புடிக்காத கேஸ், திருப்பி அனுப்பிடுங்க.

பழைய பிரஷ் பக்கம் போறவங்க தயவுசெஞ்சு இதை படிங்க. முதல் உலகப்போர் சமயத்துல நல்ல பேட்ஜர் முடி கிடைக்கிறது கஷ்டமாயி, குதிரை முடிக்கு சாயம் ஏத்தி போலி பேட்ஜர்னு வித்தாங்க, சரியா கிருமி நீக்காத அந்த பிரஷ்களால சிப்பாய்ங்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் வந்துச்சு, செத்தவங்களும் உண்டு. அந்தக் காலத்து பிரஷ் சிலதுல "ஸ்டெரிலைஸ்டு"னு முத்திரை குத்தியிருக்கறதுக்கு பின்னணி இதுதான். ஆந்த்ராக்ஸ் கிருமியோட வித்து பல பத்து வருஷம் சும்மா கெடந்து உயிரோட இருக்கும். அதனால நூறு வருஷ பழசு கிடைச்சா கைப்பிடிய ரசிங்க, அந்த முடியை மூஞ்சில வெக்காதீங்க, நாட்டை எடுத்துட்டு புதுசு வெக்கறதா இருந்தாலும் நீங்களே டிரில் போட்டு அந்த முடித்தூளை கிளப்ப வேண்டாம், அதெல்லாம் அலமாரில காட்சிக்கு இருந்தா போதும்.

கைப்பிடி விஷயத்துல இன்னொண்ணு. ஃப்ரெஞ்ச் ஐவரின்னு பேரு போட்டிருந்தா அது தந்தம் இல்ல, செல்லுலாய்டுங்கிற பழைய காலத்து பிளாஸ்டிக். அசலா போலியான்னு பாக்க சில பேர் ஊசிய பழுக்க காய்ச்சி குத்தி பாப்பாங்க, செல்லுலாய்டு குப்புன்னு பத்திக்கிற சாமான், அந்த வேலையே வேணாம். நெஜ தந்தமா இருந்தா அது வேற தலைவலி, பல நாட்டுல விக்கவே சட்டம் விடாது.

அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரையும் நனைய விடாதீங்க. சிம்ப்சன்னு லண்டன்ல 1919ல ஆரம்பிச்ச கம்பெனி, ரெண்டாம் உலகப்போர்ல குண்டு விழுந்ததுக்கு அப்புறம் இங்கிலாந்துலயே சாமர்செட்டுக்கு போய், பின்னாடி வல்ஃபிக்ஸ்ங்கிற இன்னொரு பிரஷ் கம்பெனி கைக்கு மாறி ஐல் ஆஃப் மேன் தீவுக்கு வந்துடுச்சு. சாமர்செட்னு போட்ட ஸ்டிக்கர் இருந்தா அது எந்த காலத்து பிரஷ்னு தெரியும், அதுக்கு மவுசும் அதிகம். ஸ்டிக்கர் கரைஞ்சு போச்சுன்னா நீங்க எவ்ளோ சத்தியம் பண்ணாலும் நம்ப ஆள் இல்ல.

பராமரிப்புல பெருசா ஒண்ணுமில்ல. கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க, முடியும் கெடும் பசையும் விடும். கன்னத்துல வட்டமா போட்டு நசுக்கினா நாளாக நாளாக நடுவுல முடி ஒடிஞ்சு பள்ளம் விழும். தலைகீழா தொங்கவிடலாமா நிமித்தி வெக்கலாமான்னு சண்டை போடறவங்க போடட்டும், நல்லா உதறி காத்து படற இடத்துல வெச்சா ரெண்டுமே ஓகே. ஈரத்தோட டப்பால போட்டு மூடறதுதான் தப்பு, பூஞ்சை வந்துடும். ரொம்ப நாள் எடுக்காம வெக்கிற பிரஷ்ல இன்னொரு ஆபத்து, கம்பளி துணிய அரிக்கிற அதே பூச்சிதான் இந்த முடியையும் தின்னும், மாசம் ஒருதடவை வெளிய எடுத்து பாருங்க.

அப்புறம் இந்த முடி எங்கேருந்து வருதுன்னு தெரியாம சேக்கறதும் என்னைப் பொறுத்தவரை தப்புதான். தமிழ்ல வளைக்கரடின்னு சொல்ற பிராணி, பிரிட்டன்ல அதுக்குன்னு 1992ல வந்த தனி பாதுகாப்பு சட்டமே இருக்கு, சந்தைக்கு வர்ற முடி பெரும்பாலும் சீனாவுலேருந்து. 2018ல அங்க அதுங்களை எப்படி கொல்றாங்கன்னு பீட்டா வீடியோ வெளியிட்டதும் பல கம்பெனி பேட்ஜர் விக்கறதையே விட்டுட்டாங்க. அதை பாத்ததுக்கு அப்புறம் நான் புது பேட்ஜர் வாங்கல, இருக்கிற 11 போதும்னு விட்டுட்டேன், நடுவுல 24 மி.மீ. சிந்தெடிக் (செயற்கை இழை) பிரஷ் ஒண்ணு மட்டும் வாங்கி அதே கன்னம் மாத்துற சோதனைல போட்டேன். நுரைல பேட்ஜரை ஜெயிச்சுடுச்சு, ஆனா சூட்டை புடிச்சு வெக்கிறதுல தோத்துடுச்சு, முடிவு எழுதறதுக்கு இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்னு நோட்டுல இடம் விட்டு வெச்சிருக்கேன்.