நீலகிரியில் தனியாக மலையேறும் முன்: புதியவர்களுக்குப் படிப்படியாக

ஊட்டியில் பஸ் இறங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீரோடு கண்ணில் பட்ட மேட்டில் ஏறிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இது.

1. பாதை

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். வனத்துறை 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் முன்பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். முதல் நடைக்குக் கோத்தகிரி லாங்வுட் சோலை போதும். அவலாஞ்சிப் பக்கத்துப் பாதைகள் பிறகு. தனியாகத்தான் நடப்பேன் என்றால் ஊர்களை இணைக்கும் சாலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. நேரம்

மணிக்கு 3 கி.மீ., கூடவே ஒவ்வொரு 500 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி நேரம் என்று கணக்கிடுங்கள். 6 கி.மீ. தூரம், 500 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறவே 3 மணி நேரம். காலை 8-க்குக் கிளம்பினால் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும், உச்சி பத்து நிமிட தூரத்தில் தெரிந்தாலும் சரி. டிசம்பரில் 6 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சோலைக்குள் அதற்கும் முன்னாலேயே இருட்டிவிடும்.

3. உடை

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி சுமார் 2,000 மீட்டர் உயரம். அதனால் குளிரும் ஏறக்குறைய 12 டிகிரி கூடுதல். நனைந்த ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதோடு காற்றும் சேர்ந்தால் 10 டிகிரியே ஆபத்து. கம்பளி ஸ்வெட்டர், மழைக்கோட்டு, மாற்றுச் சாக்ஸ் மூன்றையும் நனையாத பைக்குள் வையுங்கள். நடுக்கம் நின்று பேச்சு குழறினால் சூடேறிவிட்டது என்று பொருள் அல்ல, உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது. உடனே ஈரத் துணியைக் கழற்றுங்கள்.

4. பை

ஸ்டீல் பாட்டிலில் 2 லிட்டர் தண்ணீர் (பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை), கடலைமிட்டாய், தலையில் மாட்டும் டார்ச், விசில், பவர்பேங்க், அட்டைக்கு உப்பு. அட்டையைப் பிய்த்து எடுக்காதீர்கள், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளுங்கள்.

5. சீட்டு

எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் வராவிட்டால் 112-ஐ அழைக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதி விடுதியில் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

6. மூடுபனியில் வழி தவறினால்

நில்லுங்கள். புல்வெளியில் காட்டெருமைத் தடமும் மனிதத் தடமும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் காட்டெருமைத் தடம் உங்களைச் சோலைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கலாம் என்ற யோசனை இன்னும் மோசம். இந்த மலையில் ஓடைகள் பல இடங்களில் அருவியாய் விழுகின்றன, முக்குறுத்தி சிகரத்துக்கு மேற்கே சரிவே செங்குத்து. போன் சிக்னல் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும். ஏரோபிளேன் மோடில் போட்டு, மணிக்கு ஒருமுறை மட்டும் அதை எடுத்துவிட்டு மேட்டில் நின்று எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். அழைப்பு போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் போவதுண்டு. ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

எதிரே காட்டெருமை நின்றால் ஓடாமல், பார்வையை எடுக்காமல் மெல்லப் பின்வாங்கி ஒரு மரத்தின் மறைவுக்குப் போங்கள். தேயிலைத் தோட்டத்தில் விடிகாலையும் அந்தியும் கரடி நேரம். அப்போது நடக்கவே வேண்டாம்.

7. திரும்பியதும்

குளிக்கும் முன், சாப்பிடும் முன், சீட்டு கொடுத்தவரிடம் வந்துவிட்டதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்களைத் தேடி யாராவது இருட்டில் காட்டுக்குள் போக வேண்டியிருக்கும்.