மாடி ஒழுகுதா? கான்ட்ராக்டரைக் கூப்பிடும் முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

மொட்டை மாடி மழைநீர்க் குழாய் வாயில் பாலிதீன் சுற்றிய பழந்துணியை இறுக அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழே சீலிங்கில் ஈரம் எங்கே பூக்கிறது என்று பார்த்து, பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள்.

மழை பெய்தால் வாட்டத்தில் ஓடிவிடும்; தேங்கிய தண்ணீர்தான் மயிரிழை விரிசலுக்குள் இறங்கும். பெரும்பாலும் குழாய் வாயைச் சுற்றியோ, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலோதான் கோளாறு இருக்கும். அதை மட்டும் சரிசெய்தால் போதும் என்றாலும், சதுர அடிக் கணக்கில் மாடி முழுக்கப் பூசத்தான் ரேட் சொல்வார்கள். வேலை முடிந்து பூச்சு நன்றாகக் காய்ந்ததும் இதே சோதனையைச் செய்து, சொட்டாவிட்டால்தான் கடைசித் தவணை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பிக்கு ஆகாது. லாரித் தண்ணீரைக் கொட்டவும் மனசு வராது. ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலம் கொட்டும் மழையையே தேக்கிக்கொள்ளலாம்; ஐப்பசி அடைமழைக்கு முன் வேலையும் முடியும்.

சிமென்ட் ஷீட் கூரைக்கு இது பொருந்தாது. ராயபுரத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை), காரை பெயர்ந்து துருக்கம்பி தெரியும் தளத்திலும் செய்யவே கூடாது: 100 சதுர அடியில் ஒரு அங்குலத் தண்ணீரே சுமார் 235 கிலோ.